மேலவீட்டுப் பெயரில் தொங்கிய கதிர்க்கொத்து

ஈர வைக்கோலுக்கு ஒரு வாசம் உண்டு. மழை விழுந்த மண்ணின் வாசம் மாதிரி அது ஊரெல்லாம் பரவாது; மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரியும், கொஞ்சம் பாலும் கொஞ்சம் சேறும் கலந்தது போல இருக்கும். பொங்கலுக்கு முந்தைய வாரம் எங்கள் ஊர் மழலையர் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைக்குள் நுழையப் போனேன். பிளாஸ்டிக் டப்பாத் தண்ணீரில் நெல்தாளை ஊறப்போட்டு, அதைச் சுற்றிக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை தாளும் ஒன்றாக ஊறியதால் அந்த வாசம் வாசல்வரை வந்து முகத்தில் அடித்ததும் படியிலேயே நின்றுவிட்டேன்.

அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இலுப்பூர் சந்தைக்குப் போகிற வழியில் மாடிமேல் மாடியாக நிற்கிறதே கடைக்கட்டடம், அதற்குக் கம்பி கட்டியவன் நான். அன்னவாசலில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்குப் பெரிய கல்யாண மண்டபத்தின் தளம் என் கை பட்டது. மீமிசலில் மீன் இறக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கொட்டகை ஒன்று கட்டக் கேட்டார்கள்; உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும், பேரைக் கெடுத்துக்கொள்ளாதே என்று கூட வேலை செய்தவர்களே சொன்னார்கள்; கட்டினேன், இன்றைக்கும் நிற்கிறது, போய்ப் பாருங்கள். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் உயரத்தில் நிற்கிற தண்ணீர்த் தொட்டியும் நான் கட்டியதுதான், இந்த மழலையர் பள்ளிக்கூடமும் நான் கட்டியதுதான். இத்தனையும் கட்டியவன் ஒன்றாம் வகுப்பையே முடிக்காதவன், அப்பன் முகம் அறியாதவன், வலது கையில் இரண்டு விரல் உள்ளங்கையோடு ஒட்டிப்போனவன். கடைகளின் பெயர்ப்பலகையையும் பஸ்ஸின் முகப்பையும் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டப் பழகியவன். கருப்பையா பெருமை அடிக்கிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் கட்டாதவன் அடித்தால்தான் அது தப்பு.

ஆனால் நான் முதன்முதலில் கட்டியது கம்பியை அல்ல, நெற்கதிரை. கட்டியதற்கெல்லாம் பெயர் வாங்கிய எனக்கு, அந்த ஒன்றுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த வயதில் பேனாவைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் இலுப்பூருக்கும் அன்னவாசலுக்கும் நடுவில், கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடுகிற ஊர். அறுப்புத் தொடங்கிச் சில நாள் போனதும், கட்டுகளைக் களத்தில் அடிப்பதற்கு முன்னால், நல்ல கதிராகக் கொஞ்சம் பிரித்து எடுத்து, தாளைத் தண்ணீரில் நனைத்துப் பின்னி, கதிர்மணிகள் வெளிப்பக்கம் தொங்குகிற மாதிரி ஒரு கொத்துக் கட்டிக் களத்துப் பிள்ளையார் கோயில் முகப்பில் தொங்கவிடுவார்கள். குருவிகள் வந்து அதில் உட்கார்ந்து கொறிக்கும். விளைந்ததில் முதல் பங்கு குருவிக்கு, அதுதான் மண்ணுக்கு நன்றி சொல்வது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அதற்குக் "கதிர்க்கொத்து" என்று பெயர்; பிள்ளைகள் வாயில் அது "குருவிக்கொத்து". இன்றைக்கு எங்கள் ஊரில் அதைப் பெரியவர்கள் கட்டுவதில்லை. பல் விழாத சின்னப் பிள்ளைகள்தான் கட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பக்கத்து ஊர்களில் இல்லாத வழக்கம். அது எப்படி வந்தது என்பதுதான் கதை, அந்தக் கதையில்தான் என் பெயர் விட்டுப்போயிருக்கிறது.

எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், நெல் அவிக்கிற அண்டாவில் கையை விட்டேன். ஆவி பறக்கிற அண்டா மேல் நெல்மணிகள் வாயைத் திறந்து நிற்பது பார்க்க அழகாக இருந்தது, ஒன்றை எடுத்துக் கடிக்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன், ஏறி நின்றிருந்த கல் உருண்டது. மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோயிற்று. ஆத்தா தேங்காயெண்ணெய் தடவி வேட்டித் துணியில் கையைச் சுருட்டிக் கட்டினாள். துணியை அவிழ்த்தபோது சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கி உள்ளங்கையோடு சேர்ந்து வளர்ந்திருந்தன. மற்ற மூன்றும் விறகுக் குச்சி மாதிரி விறைத்து நின்றன. விரித்தால் வலிக்கும், மடக்கினாலும் வலிக்கும்.

அன்றிலிருந்து என் பெயர் "நண்டு". பம்பரத்துக்குச் சாட்டை சுற்ற வராது, கிட்டிக்கம்பு கையில் நிற்காது, கபடியில் பிடித்தால் பிடி கழன்றுவிடும். "அவனச் சேக்காதடா, நண்டு ஒரு பக்கமா ஓடும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளைகள் கூட்டமாக விளையாடுகிற சத்தம் ஒரு பக்கம் கேட்கும், நான் மறுபக்கம் போவேன். பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். வாத்தியார் நல்ல மனுசர், அடிக்கவில்லை. சிலேட்டுக்குச்சி என் கையிலிருந்து விழுவதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கை சரியானதும் அனுப்பி வைம்மா" என்று ஆத்தாவிடம் சொன்னார். கை எப்போது சரியாவது? ஆத்தா அறுப்புக்குப் போகிற வயலெல்லாம் நானும் போவேன். அவள் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வாள். நான் களத்தோரம் வைக்கோல் போருக்கு நிழல் விழுகிற பக்கமாக உட்கார்ந்து, வரிசையாகக் குனிந்திருக்கிற முதுகுகளில் எது ஆத்தாவுடையது என்று தேடிக்கொண்டிருப்பேன். எல்லா முதுகும் ஒரே மாதிரி இருக்கும். தப்பான முதுகைப் பார்த்துக்கொண்டே பாதிப் பகல் போய்விடும்.

ஆத்தா அதிகம் போன வயல் மேலவீட்டுக்காரர்களுடையது. ஊருக்கு மேற்கே காரை போட்ட வீடு, அதனால் மேலவீடு. அந்த வீட்டுப் பையன் சிதம்பரத்துக்கு என் வயசுதான். வெயில் படாமல் வளர்ந்தவன், வீட்டில் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஊர்ப் பிள்ளைகளோடு விளையாட அவனை விடமாட்டார்கள். களத்துக்கு மட்டும் காவலுக்கு என்று சொல்லி அப்பாவோடு அனுப்புவார்கள். என்னை யாரும் சேர்க்கவில்லை, அவனை யாரோடும் சேர விடவில்லை. அப்புறம் என்ன, இரண்டு பேரும் ஒரே வைக்கோல் போர் நிழலுக்கு வந்து சேர்ந்தோம்.

"ஏன்டா, ஒங் கையக் காட்டு" என்றான் முதல் நாள். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "கடிக்குமா?" என்றான். "கிட்ட வந்தா கடிக்கும்" என்றேன். விரலைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டு சிரித்தான். அந்தக் கையைப் பயப்படாமல் தொட்ட முதல் ஆள், ஆத்தாவைத் தவிர, அவன்தான்.

களத்தோரம் சிந்திக் கிடக்கிற கதிர்களை எடுத்துப் பின்னிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னது நான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மேலவீட்டம்மா, அதாவது சிதம்பரத்தின் தாயார், வருசா வருசம் கொத்துக் கட்டுவதை நான் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். நாலு தாளைச் சேர்த்துப் பிடித்து, ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு புதுக் கதிரைச் செருகிக்கொண்டே போக வேண்டும். காய்ந்த தாள் ஒடியும்; ரொம்ப ஊறினால் வழுக்கும். இழுத்துக் கட்டினால் மணி உதிரும். தளர்த்திக் கட்டினால் கொத்தே உருவிக்கொண்டு வந்துவிடும். நல்ல கை உள்ளவர்களுக்கே சிரமம். எனக்கு மூன்று விறைத்த விரல்.

இடது கை மடிப்பதற்கும் கதிர் செருகுவதற்குமே சரியாகப் போயிற்று; நாலாவது தாளைப் பிடிக்க வலது கையில் விரல் இல்லை. அதைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டேன். காலை வளைத்துக் கைக்குக் கொண்டுவர எட்டாத இடம் வரும்போது, ஒரு தாளுக்கு மேலே போக வேண்டியதை இரண்டு தாளுக்கு மேலே தாண்டிக் கொண்டுபோய் மடித்தேன். அந்த இடத்தில் பின்னல் லேசாகப் புடைத்துக்கொண்டு படி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. சிதம்பரம் கண்மாய் மடையில் தாளை நனைத்து நனைத்துக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக என் வாய்ப்பக்கம் நீட்டுவான். நான் பல்லால் வாங்கிக்கொள்வேன். எத்தனையோ முறை கொத்துப் பாதியில் உருவிக்கொண்டு விழுந்தது. "போதும்டா, வலிக்குதுல்ல" என்பான். வலிக்கத்தான் செய்தது. ஆனால் விழுந்து விழுந்து கட்டியதில், விறைத்த விரல்களுக்குள் எங்கேயோ ஒரு கீல் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் பட்டது போல அசைய ஆரம்பித்தது. அதை முதலில் கண்டுபிடித்ததும் சிதம்பரம்தான். "டேய் நண்டு, ஒன் கட்டைவிரலு வளையுதுடா!" என்று களமெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினான். அவன் "நண்டு" என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வராது.

கொத்துத் தொங்கவிடுகிற நாளுக்கு முன்தினம் மேலவீட்டம்மாவுக்கு வலது ஆள்காட்டி விரலில் நகச்சுற்று வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி களத்துக்கு வந்தவர், "இந்த வருசம் கொத்துக்கு என்னா செய்யிறது? புள்ளையாருக்கு என்னத்தச் சொல்றது?" என்று புலம்பினார். வைக்கோல் போர் மேல் நாங்கள் சாத்தி வைத்திருந்த கொத்து அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அதற்குள் நான் கட்டக் கற்றுக்கொண்டிருந்தேன்; உருவாமல் நின்ற கொத்து அது.

"யாரு கட்டுனது?" என்று கேட்டார்.

ஆத்தா கதிர் அரிவாளோடு ஓடி வந்தாள். "எம் மகந்தாம்மா. சும்மா வெளையாட்டுக்குக் கட்டிப் போட்டுருக்கான். வையாதீங்க."

"அந்த நண்டுக் கையனா?" அவர் கொத்தைத் தூக்கிப் பார்த்தார், உதறிப் பார்த்தார், ஒரு மணி உதிரவில்லை. "ஆத்தாடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு என் நெஞ்சு எப்படி விரிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். மண்டபம் திறந்த அன்றைக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், அப்படி விரியவில்லை.

இங்கேதான் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோயிலுக்கு வருகிற கதிர் எந்த வயலில் விளைந்ததோ, அந்த வயலை உடைய வீட்டின் பெயரைத்தான் பூசாரி கூவுவார். அறுத்தவர் பெயரையோ கட்டியவர் பெயரையோ கூவுகிற பழக்கம் கிடையாது. அதே மாதிரி கொத்தைக் கோயிலுக்குத் தூக்கி வருவதும் அந்த வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அப்படித்தான் நடக்கும், எல்லோருக்கும் தெரியும். சிதம்பரத்துக்குப் பட்டுத்துண்டு கட்டிவிட்டு, என் கொத்தை அவன் கையில் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஆத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"மேலவீட்டுக் கொத்து வந்துருச்சு!" என்று பூசாரி கூவினார். அதுவரை சரி. ஆனால் வழக்கமாக அம்மாக்கள் தூக்கி வருகிற கொத்தை ஒரு பொடியன் தூக்கி நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம் வந்துவிட்டது. "ஏப்பா சின்னவரே, நீயா கட்டுன?" என்று குனிந்து கேட்டார். சிதம்பரம் கூட்டத்துக்குள் தலையைத் திருப்பி என்னைத் தேடினான். அவன் என்னைப் பார்ப்பதற்குள் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், "பின்ன? இம்புட்டுச் சின்ன முடிச்ச வேற யாரு போடுவா? அம்மாவுக்கு வெரலு முடியலைல்ல" என்றார். கூட்டம் சந்தோசப்பட்டது. மேலவீட்டம்மா எலுமிச்சம்பழ விரலை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆத்தா என் தோளை அழுத்தினாள். "பேசாம இரு அப்பு" என்றாள் காதோடு. மறுநாளும் அந்த வீட்டு வயலில்தான் அவளுக்கு அறுப்பு.

நான் நட்டுவைத்த குச்சி மாதிரி நின்றேன். கொத்து மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் குருவிகள் வந்தன. பின்னல் புடைத்து நீட்டிக்கொண்டிருந்த இடங்களில், அது உட்காருவதற்கென்றே கட்டிய படி மாதிரி, வரிசையாக உட்கார்ந்து கொறித்தன. "பாருங்கப்பா, குருவி உக்காரப் படி வச்சுக் கட்டியிருக்கான்!" என்று ஊரே அண்ணாந்து பார்த்தது. அந்த வருசம் விளைச்சலும் நன்றாக இருந்துவிட்டது. மறு வருசம் இரண்டு மூன்று வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கட்டச் சொன்னார்கள். முந்தைய வருசக் கொத்தை இறக்கி, அதைப் பார்த்தே கட்டினார்கள். அதற்கடுத்த வருசம் எல்லா வீட்டிலும் கட்டினார்கள். அப்படித்தான் வந்தது அந்த வழக்கம்.

அந்த நாளுக்கப்புறம் சிதம்பரம் களத்துக்கு வரவில்லை. பள்ளிக்கூடப் படிப்புக்கு என்று புதுக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை; எனக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? நான் தினமும் மடையில் தாளை நனைத்துக் கொண்டுவந்து போர் நிழலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நனைத்த தாள் காயும், திரும்ப நனைப்பேன், கடைசியில் அது அழுகிக் கறுத்துப்போகும். வாய்ப்பக்கம் நீட்ட ஆள் இல்லாமல் நானே கையால் எடுத்து, நானே காலால் பிடித்து, நானே கட்டி, நானே பிரித்துப் போட்டேன். அந்த அறுப்புக்காலம் முழுக்க அப்படித்தான் போயிற்று. விரல்கள் மூன்றும் நன்றாக வேலைக்கு வந்துவிட்டன. பேசத்தான் ஆள் இல்லை. பின்னால் வளர்ந்து, கம்பி கட்டுகிற வேலைக்குப் போனபோது, கட்டுக்கம்பியை முறுக்குகிற என் வேகத்தைப் பார்த்து மேஸ்திரி மிரண்டுபோனார். நெல்தாளை முறுக்கிய கைக்குக் கட்டுக்கம்பி பெரிய விசயமா?

சிதம்பரத்தைத் திரும்பப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. அவன் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருந்தான். நான் காரில் போகிற ஆளாகியிருந்தேன். இலுப்பூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எதிரெதிரே வந்துவிட்டோம். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை அவன்; கிளாஸைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தான்.

"நண்டு" என்றான்.

"கிட்ட வந்தா கடிக்கும்" என்றேன்.

கடைக்காரர் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். டீ ஆறுகிற வரைக்கும் சிரித்தோம். அப்புறம் அவன் குரலைத் தாழ்த்தி, "கருப்பையா, அந்தக் கொத்து ஒன் வேலதான்டா. எனக்குத் தெரியும். யாராச்சும் கேட்டா சொல்லிருவேன்" என்றான்.

"கேட்டாத்தானே?" என்றேன்.

"ஆமா. இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல" என்றான்.

பிறகும் யாரும் கேட்கவில்லை. போன வருசம் அவன் போய்விட்டான். மாலையோடு போனேன். பந்தலில் ஒருத்தர் எழுந்து, "பச்சப் புள்ளையா இருக்கையிலயே இந்த ஊருல புள்ளைங்க கதிர்க்கொத்துக் கட்டுற பழக்கத்தக் கொண்டுவந்தவரு" என்று பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். சாவு வீட்டில் எழுந்து நின்று "அது நான்" என்று சொல்ல முடியுமா? மாலையை வைத்துவிட்டு வந்தேன். வரும்போதுதான் உறைத்தது: தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டான். ஆத்தா இல்லை, மேலவீட்டம்மா இல்லை, பூசாரி இல்லை. என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் "எத்தன வாட்டிதான் சொல்லுவீங்க" என்று சிரித்துச் சிரித்துக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பிள்ளைகளில் ஒருத்தன் துபாயில், ஒருத்தன் பெங்களூரில். போனில் "நல்லா இருக்கீங்களாப்பா, சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் பேச அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. சாயங்காலமானால் நான் கட்டிய வீட்டில் அறைக்கு அறை விளக்கைப் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் வீட்டில் ஆள் நிறைய என்று நினைத்துக்கொள்ளட்டும்.

இனி அந்த வகுப்பறைக்கு வருகிறேன். மழலையர் பள்ளிக்கூடத்தை நடத்துவது சிதம்பரத்தின் பேத்தி, கயல்விழி டீச்சர். பொங்கலுக்கு முந்தைய வாரம் முழுக்க அங்கே பாடம் கிடையாது, கைவேலைதான். "வெளிநாட்டுல அறுவடை முடிஞ்சதும் நன்றி நாளுன்னு ஒண்ணு வருதுங்கய்யா. புள்ளைங்க கையப் பேப்பர்ல வச்சு வரைஞ்சு, அத வான்கோழியா ஆக்குவாங்க. நாம மயிலா ஆக்குறோம். வெரலு பலப்பட்டாத்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்க வரும்" என்று விளக்கினாள். ஒரு பக்கம் குழந்தைகள் காகிதத்தைக் கிழித்து உருட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் ஆவாரம்பூவை நூலில் கோத்தார்கள், இன்னொரு பக்கம் கதிர்க்கொத்து. இப்போது மெசின் அறுப்பில் தாள் நொறுங்கிவிடுகிறது. அதனால் ஒரு வயலின் மூலையை மட்டும் மெசின் விடாமல் வைத்து, அரிவாளால் அறுத்துக் கொண்டுவருகிறார்கள்.

தரையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும் என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். ஒரு பெண்குழந்தை என் வலது கையை இழுத்துக் காகிதத்தில் வைத்துக் கிரேயானால் சுற்றி வரைந்தது. வரைந்து முடித்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. மற்ற மயில்களுக்கெல்லாம் தோகை விரிந்திருந்தது. என் மயிலுக்கு மூன்று இறகும் ஒரு திரட்சியும்தான்.

"டீச்சர், இந்தத் தாத்தா மயிலு இன்னும் விரிக்கல" என்றது. அப்புறம் தானே யோசித்து, "மழ வரல, அதான்" என்றது.

அதற்குப் பக்கத்தில் ஒரு பையன் கொத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நான் அவன் கையைப் பார்த்தேன். ஒரு தாளுக்கு மேலே, ஒரு தாளுக்கு மேலே, பிறகு இரண்டு தாளைத் தாண்டி ஒரு மடிப்பு. பின்னல் புடைத்தது. அடுத்த பிள்ளையைப் பார்த்தேன், அதுவும் அப்படியே. எல்லாப் பிள்ளைகளும் அப்படியே. "ஏன்டா அப்பு, அந்த எடத்துல ஏன் தாண்டுற?" என்றேன். "அப்பிடித்தான் கட்டணும் தாத்தா. குருவிக்குப் படி" என்றான், உனக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. அந்தக் குழந்தைகளுக்கு ஐந்து விரலும் சரியாக இருக்கின்றன. தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. என் வெந்த விரலுக்கு எட்டாததால் விழுந்த மடிப்பை, இத்தனை காலமாக ஊர்ப்பிள்ளைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று கட்டிக்கொண்டு வருகிறார்கள். எனக்குக் கண் மறைத்தது. அழுகை என்று எழுத மாட்டேன்.

சுவரில் அழகாக எழுதி மாட்டியிருந்தார்கள். நம் ஊர்க் குழந்தைகள் கதிர்க்கொத்துக் கட்டும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர், சிறு வயதில் முதல் கொத்தைக் கட்டிய மேலவீட்டுச் சிதம்பரம் என்று இருந்தது. பக்கத்தில் அவன் படம், கண்ணாடியோடு, சந்தன மாலையோடு.

பிள்ளைகள் சாப்பிடப் போனதும் கயல்விழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "தாத்தா எங்கிட்ட ஒரு நாளும் இப்பிடிச் சொன்னதில்லையே" என்றாள்.

"நீ கேட்டியா ஆத்தா?"

"இல்ல. ஊருல சொல்றத நாங்களும் சொல்லிக்கிட்டோம். கேட்டதில்ல."

"நான் பொய் சொல்லுவேன்னு நெனைக்கிறியா?"

"சே, அப்பிடி இல்லங்கய்யா. ஆனா வாசல் கல்வெட்டுலயே ஒங்க பேரு பெருசா இருக்கே. இந்தப் பள்ளிக்கூடமே நீங்க கட்டுனதுதானே. இதுக்கு மேல இது எதுக்கு?"

தளத்தை நான் கட்டாவிட்டால் வேறொருத்தன் கட்டியிருப்பான். அந்த மடிப்பு வேறு யார் கையிலும் விழுந்திருக்காது. அதை எப்படி அந்தப் பெண்ணிடம் நின்றபடி சொல்வது? என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே, "எழுதிக் குடுங்கய்யா. எல்லாரும் படிக்கட்டும். பெறகு பலகைய மாத்துறதப் பத்திப் பேசுவோம்" என்றாள். அதனால் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக, மூன்று விரலால், யாருடைய உதவியும் இல்லாமல்.

இப்போது களம் இருந்த இடத்தில் வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். மடை தூர்ந்துவிட்டது. நெஞ்சுயரம் வளர்கிற அந்த நெல்லை இப்போது யாரும் போடுவதில்லை. புது நெல்லுக்குத் தாள் குட்டை, கதிர் கனம். அதெல்லாம் போகட்டும், காலம் அப்படி. நான் கேட்பது ஒன்றுதான், கேட்பதை வெட்கப்படாமல் கேட்கிறேன். இந்த ஊரில் குழந்தைகள் கட்டிய முதல் கதிர்க்கொத்தைக் கட்டியவன் கருப்பையா என்று அந்தப் பலகையில் எழுத வேண்டும். சிதம்பரத்தின் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. தாளை நனைத்துக் கொடுத்தவன் அவன், அதையும் சேர்த்து எழுதுங்கள். ஆனால் என் பெயரை அவன் பெயருக்குக் கீழே போட்டுவிடாதீர்கள். மேலேயும் வேண்டாம். பக்கத்தில் போடுங்கள்.